எதிரியும் முருகனைத்தான் கும்பிடுகிறான் என்றால்?

ஓம் சரவணபவ.

நமக்கு ஒரு எதிர்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ்ல ஒருத்தர் நம்மளைக் கவுக்கப் பார்க்கிறார். சொந்தக்காரர்கள் நிலத்துக்காக ஒன்று சேர்ந்து எதிரே நிற்கிறார்கள். காலேஜ்ல ஒரு கும்பல் நம்மளை ஒதுக்கி வைக்கிறது. அப்போ நம்ம கை முதல்ல போறது போனுக்குத்தான். யாரைத் தெரியும்? மாமாவோட ஃபிரண்ட் போலீஸ்ல இருக்காரு. பக்கத்துத் தெரு அண்ணனுக்குக் கட்சியில செல்வாக்கு உண்டு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பார்த்து, யாரும் எடுக்கலைன்னா, கடைசியா வாயில வருது: "முருகா, நீதான்பா பாத்துக்கணும்."

கடைசியா கூப்பிட்டாலும் அவன் வருவான். அதுல சந்தேகம் இல்லை. ஆனால் எதிர்ப்பு நேரத்தில் அவனை நம்புவது என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? "மனுஷனை நம்பாதே, முருகனை நம்பு" என்று ஸ்டேட்டஸ் வைப்பது சுலபம். அதை மனசுல வச்சுக்கிட்டு திங்கட்கிழமை காலையில் அதே ஆபீஸுக்குள் நுழைவதுதான் கஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ்ல வேலை பார்க்கிறான். மாசக் கடைசியில் சரக்கு எண்ணும்போது இருப்பு குறைந்திருக்கிறது. குறைந்ததை "சேதாரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சேதாரமே ஆகாத சரக்குக்கு நான் எப்படிப் போடுவேன் என்று இவன் மறுத்துவிட்டான். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இவன் பக்கத்துல யாரும் உட்காரவில்லை. ஷிஃப்ட் மாறியது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மெமோ வந்தது. வீட்ல அம்மா, "ஊரோட ஒத்துப் போடா" என்கிறார். சித்தப்பா, "ஒரு பெரிய ஆளைப் பிடிச்சு போன் போடச் சொல்றேன், எல்லாம் அடங்கிடுவாங்க" என்கிறார்.

அவன் என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டான். "அண்ணா, முருகனை நம்பிட்டு சும்மா இருக்கணுமா, இல்ல ஆளைப் பிடிக்கணுமா?" இது முதல் கேள்வி. ரெண்டாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "எங்க மேனேஜரும் முருக பக்தர்தாண்ணா. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போறவர். டேபிள்ல வேல் வச்சிருக்கார். அவரும் வேண்டுவார், நானும் வேண்டுறேன். முருகன் யார் பக்கம்ணா நிப்பான்?"

இதற்குப் பதில் தேடித்தான் கந்தபுராணத்தைத் திரும்பவும் எடுத்தேன். கச்சியப்ப சிவாச்சாரியார் பாடியது. 6 காண்டம், 10,345 பாடல். முழுக்க முழுக்க எதிர்ப்பின் கதை. யார் எதை நம்பினார்கள், அது கடைசிவரை தாங்கியதா என்று பார்த்துக்கொண்டே வாசித்தால் நம்ம கதை மாதிரியே இருக்கும்.

சூரனும் பக்தன்தான்

சூரபத்மன் என்றதும் மீசையும் கத்தியுமாக ஒரு உருவம் நம்ம கண்ணுக்கு வரும். அவன் சாமி இல்லை என்று சொன்ன ஆள் கிடையாது. பெரிய சிவபக்தன். வேள்வி செய்து, தன் உடம்பையே அதில் கொடுக்கத் துணிந்தவன். நாம் செவ்வாய்க்கிழமை ஒரு நேரம் பட்டினி கிடந்தாலே சாயங்காலம் முகம் வாடிப் போகிறது. அவன் தவத்துக்கு முன்னால் நம்ம விரதம் எல்லாம் ஒரு கணக்கிலேயே வராது. சிவபெருமானே வந்து வரம் கொடுத்தார். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளலாம். சிவனுடைய சக்தியைத் தவிர வேறு எதனாலும் அழிவில்லை.

பக்தி இருந்தது, வரமும் கிடைத்தது. பிறகு எங்கே போய்ச் சறுக்கினான்? வரம் கைக்கு வந்ததும் அவன் நம்பிக்கை இடம் மாறிவிட்டது. கொடுத்தவரை விட்டுவிட்டு, கொடுத்ததைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு வரம் இருக்கு, என்னை யார் என்ன பண்ண முடியும்?" என்ற நினைப்பு வந்த அன்றைக்கே அவன் நம்பியது கடவுளை அல்ல, தன் கையில் இருந்த பலத்தை. அந்த பலம் கடவுளிடமிருந்து வந்தது என்பதால் அது கடவுள் நம்பிக்கை ஆகிவிடாது.

இது எனக்கு ரொம்ப உறைத்த இடம். கவசம் படிக்கிறோம், வேல் மாறல் படிக்கிறோம், 48 நாள் விரதம் இருக்கிறோம். நல்லதுதான். ஆனா உள்ளுக்குள்ள "நான் இத்தனை படிச்சிருக்கேன், என்னை எதிர்த்தவன் உருப்பட மாட்டான்" என்று ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தால், நாம் சூரன் போன வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். கவசம் என்றால் காப்பு. உடம்புமேல் போட்டுக்கொள்வது. பகை நீங்கணும்னு கேட்கலாம். அவன் குடும்பமே நாசமாப் போகணும்னு கேட்கிற இடத்தில் அது கவசமாக இருக்காது.

அந்தத் தம்பியின் ரெண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. எதிரே நிற்பவரும் பக்தர் என்பதால் நாம் குழம்ப வேண்டியதில்லை. நானும் பக்தன் என்பதால் நான் செய்வதெல்லாம் சரி என்று நினைக்கவும் முடியாது.

தேவர்கள் ஏன் சிறைக்குப் போனார்கள்?

சரி, தேவர்கள் நல்லவங்கதானே, அவங்களுக்கு ஏன் அவ்வளவு கஷ்டம்? கச்சியப்பர் இதற்கு ஒரு காண்டமே ஒதுக்கியிருக்கிறார், தக்ஷ காண்டம். தக்கன் ஒரு வேள்வி நடத்தினான். சிவபெருமானுக்கு அதில் இடமில்லை என்று ஒதுக்கினான். அது தப்பு என்று அங்கே போன தேவர்களுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். ஆனா தக்கன் பெரிய ஆள். எல்லாரும் போறாங்க. நாம மட்டும் போகலைன்னா பொல்லாப்பு. அதனால் போய் உட்கார்ந்து அவிர்ப்பாகம் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பாவம்தான் பின்னால் சூரனாக வந்து நின்றது என்கிறது புராணம்.

"ஊரோட ஒத்துப் போடா" என்று அந்த அம்மா சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். அவரைக் குறை சொல்லவில்லை. பெத்த வயிறு பயப்படத்தான் செய்யும். ஆனால் மனித பலத்தை நம்புவது என்றால் மந்திரி வீட்டு வாசலில் போய் நிற்பது மட்டும் இல்லை. "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க" என்று கூட்டத்தோடு சேர்ந்து வாயை மூடிக்கொள்வதும் அதில்தான் சேரும். கூட்டமும் ஒரு பலம்தானே. அந்த வேள்வியில் வீரபத்திரர் வந்து நின்றபோது தக்கனால் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட முடியவில்லை. அவனை நம்பி உட்கார்ந்திருந்தவர்களை அவன் எங்கே காப்பாற்றுவது?

சயந்தனுக்குக் கிடைத்தது என்ன?

இந்திரனின் மகன் சயந்தன் சூரனுடைய வீரமகேந்திரபுரத்தில் சிறையில் கிடக்கிறான். அழுது, முறையிட்டு, ஓய்ந்துபோய்க் கண் அயர்கிறான். அப்போது முருகப்பெருமான் கனவில் வந்து ஆறுதல் சொல்கிறார். கனவு முடிந்து கண் விழித்தால் அதே சிறை, அதே பூட்டு.

தேவசேனாபதி நினைத்திருந்தால் அந்த நொடியே கதவைத் திறந்திருக்க முடியாதா? திறக்கவில்லை. முதலில் கனவு வந்தது. பிறகு வீரவாகு தேவர் வந்து நேரில் தேற்றினார். அதற்கும் பிறகு யுத்தம் நடந்து, சூரன் வீழ்ந்த பிறகுதான் கதவு திறந்தது. அதுவரைக்கும் சயந்தன் உள்ளேதான் இருந்தான். ஆனா முன்ன மாதிரி இல்லை. தன்னை ஒருவன் மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டு இருந்தான்.

"இவ்வளவு நாளா வேண்டுறேன், ஒண்ணுமே நடக்கலையே" என்று கேட்கிறவர்களுக்கு நான் சயந்தனைத்தான் சொல்வேன். நம்பிக்கை வைத்த அன்றைக்கே பூட்டு திறக்கும் என்று முருகன் அவனுக்கே வாக்குக் கொடுக்கவில்லை. கிடைத்தது தைரியம். சிறைக்குள் இருப்பவனுக்கு அது சின்ன விஷயமா என்ன?

வீரவாகுவுக்கு நாற்காலி போட்டது யார்?

இந்தப் புராணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் வீரவாகு தேவர். பலசாலி. ஆனால் அந்தப் பலமும் ஒரு தடவை மாட்டிக்கொண்டது. தாரகாசுரனோடு நடந்த போரில் அவனுடைய மாயையில் சிக்கி, கிரவுஞ்ச மலைக்குள் தன் வீரர்களோடு மயங்கிக் கிடந்தார். முருகனுடைய வேல் வந்து மலையைப் பிளந்த பிறகுதான் வெளியே வந்தார்.

அதே வீரவாகுவைத்தான் முருகன் சூரனிடம் தூது அனுப்புகிறார். தேவர்களை விட்டுவிடு, இல்லையென்றால் போர் என்று சொல்லி வர வேண்டும். படை கிடையாது, தனி ஆள். திருச்செந்தூரிலிருந்து கடலைத் தாண்டி எதிரியின் கோட்டைக்குள் போகிறார். சபையில் சூரன் சிங்காசனத்தில் இருக்கிறான். வந்த தூதுவனுக்கு உட்கார இடம் தர அங்கே யாருக்கும் மனசில்லை. நின்றுகொண்டே பேசினால் அனுப்பிய முருகனுக்கு அவமானம். அப்போது முருகன் அருளால் ஒரு சிங்காசனம் அங்கேயே வந்தது. வீரவாகு அதில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொன்னார்.

அவர் சூரனைப் பார்த்து "ஐயா, ஒரு நாற்காலி கொடுங்க" என்று கெஞ்சவில்லை. கோபத்தில் கிளம்பியும் போகவில்லை. நடந்தார், கடலைத் தாண்டினார், உள்ளே நுழைந்தார், தன்னால் முடிந்தது எல்லாவற்றையும் செய்தார். தன்னுடைய மரியாதையை மட்டும் எதிரியின் கையில் கொடுக்கவில்லை.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "மதியம் உன் பக்கத்துல யாரும் உட்காரலைன்னு வருத்தப்படுற. உட்கார்ந்தா சந்தோஷம்தான். ஆனா உன் மதிப்பு அந்த டேபிள்ல இல்லடா. உனக்கு நாற்காலி போடறவன் வேற."

இலக்கண நூலோடு வந்த முருகன்

அப்படியென்றால் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? இதற்கு கந்தபுராணம் பிறந்த கதையே பதில். கச்சியப்பர் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அர்ச்சகராக இருந்தவர். நூலைச் சபையில் அரங்கேற்ற உட்கார்ந்தபோது காப்புச் செய்யுளின் முதல் சொல்லிலேயே ஒருவர் எழுந்து, இந்தச் சொற்புணர்ச்சிக்கு இலக்கணத்தில் விதி கிடையாது என்று தடுத்தார். அந்த முதலடியோ முருகனே எடுத்துக் கொடுத்தது என்று சொல்வார்கள். அரங்கேற்றம் அன்றோடு நின்றுபோனது.

கச்சியப்பர் ராஜாவிடம் ஓடவில்லை. தடுத்தவரைத் திட்டவும் இல்லை. முருகன் சன்னிதியில் போய் முறையிட்டார். மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் சபைக்கு வந்தார். வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் கொண்டுவந்து, இதோ விதி என்று காட்டினார். சபை ஏற்றுக்கொண்டது. வந்தவர் முருகனே என்பது நம்பிக்கை.

முருகன் நினைத்திருந்தால் எதிர்த்தவரின் வாயை அடைத்திருக்கலாம். வேலைக் காட்டி மிரட்டியிருக்கலாம். அவர் கொண்டுவந்தது ஒரு புத்தகம். கேட்ட கேள்விக்கு ஆதாரம். எதிர்த்தவரும் அவமானப்படாமல் ஒப்புக்கொள்ளும்படி ஒரு பதில். தெய்வ உதவி இப்படியும் வரும் தம்பி தங்கைகளே. நம்ம கையில் இருக்கிற ரசீது, தேதி போட்டு எழுதி வைத்த நோட்டு, உண்மையைச் சொல்லத் துணிந்த ஒரு சாட்சி, இதெல்லாம் நமக்கு முருகன் அனுப்பிய வீரசோழியமாக இருக்கலாம். அதைத் தேடி எடுத்து வைக்காமல், "முருகன் பாத்துப்பான்" என்று சொல்வது சோம்பல். நம்பிக்கை என்ற பெயரை அதற்கு வைக்கக்கூடாது.

பாம்பன் சுவாமிகள் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. சண்முக கவசம் பாடியவர் அவர். 1923 டிசம்பர் 27-ம் தேதி சென்னை தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டி ஏறி அவர் கால் எலும்பு முறிந்தது. வயது 70-ஐத் தாண்டிவிட்டது. உப்பில்லாமல் சாப்பிடுகிறவர், அதனால் எலும்பு கூடுவது கஷ்டம் என்று டாக்டர்களே சொன்னார்கள். அடியார்கள் சண்முக கவசத்தை ஓதினார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சுவாமிகளுக்கு மயில் வாகனக் காட்சி கிடைத்தது, கால் குணமானது. இன்றைக்கும் மார்கழி மாதம் மயூர வாகன சேவனம் என்று அதைக் கொண்டாடுகிறோம். இதில் நாம் கவனிக்காமல் போகிற ஒரு விஷயம், அவர் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். கட்டுப் போட வந்த டாக்டரை, எனக்கு முருகன் இருக்கான், நீ போ என்று அனுப்பவில்லை. வைத்தியம் டாக்டர் கையில், உயிர் முருகன் கையில் என்ற தெளிவு இருந்தது.

அப்போ ஆளைப் பிடிக்கலாமா, கூடாதா?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முதல் கேள்விக்கு ஒரு பதில் வருகிறது. உதவி கேட்கலாம். வக்கீலைப் பார்க்கலாம், மேலிடத்துக்கு எழுதலாம், நல்லது தெரிந்த பெரியவரிடம் யோசனை கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் மனசாட்சியிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உதவிக்காக நான் ஒரு பொய்க்குத் துணை போக வேண்டியிருக்குமா? இன்றைக்கு எனக்காகப் பேசுகிறவர் நாளைக்குத் தப்பு செய்தால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்குமா? இந்த ஆள் கைவிட்டுவிட்டால் நான் அப்படியே உடைந்துபோவேனா?

மூன்றில் எதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் கொஞ்சம் நில்லுங்கள். தக்கன் வீட்டு வேள்விக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சித்தப்பா சொன்ன பெரிய ஆள் வேண்டாம் என்று தம்பி முடிவு செய்தான். அந்த ஆள் ஏற்கெனவே அந்த கம்பெனியில் வேறு காரியங்கள் சாதித்துக்கொள்கிறவர். எண்ணிக்கைத் தாள்களின் நகலைத் தேதி வாரியாக அடுக்கி, ஒரு கடிதத்தோடு மேலிடத்துக்கு அனுப்பினான். என்ன ஆச்சு? ஜெயித்துவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவனை வேறு ஊர் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. "சயந்தன் மாதிரி உள்ளேதான் இருக்கேன்ணா, ஆனா நிம்மதியாத் தூங்குறேன்" என்றான்.

முருகன் யார் பக்கம் என்ற கேள்விக்கு மீதிப் பதிலை அவனிடம் இப்படிச் சொன்னேன். "முருகன் உனக்காகவும் இல்லை, மேனேஜருக்காகவும் இல்லை. அந்த இருப்புக் கணக்கு உண்மையா இருக்கணும்ங்கிற இடத்துல நிக்கிறான். நீயும் அங்க நிக்கிற வரைக்கும் அவன் பக்கத்துல நிக்கிற. நாளைக்கு நீ நகர்ந்து, அவர் அங்க வந்து நின்னா, அவருக்கும் இடம் உண்டு."

மயிலைப் பார்க்கும்போதெல்லாம்

சூரனுடைய முடிவையும் பார்த்துவிடுவோம். தாரகன் போனான், சிங்கமுகன் போனான், மகன் பானுகோபன் போனான். தேவர்களை விட்டுவிடு என்று புத்தி சொன்னவன்தான் சிங்கமுகன். இன்னொரு மகன் இரணியன் மீனாக மாறிக் கடலில் ஒளிந்துகொண்டான். 1008 அண்டத்தை ஆண்டவன் தனியாக நின்றான். முருகன் தன் பெரிய வடிவத்தைக் காட்டியபோது அவனுக்கே ஒரு நிமிஷம் ஞானம் வந்தது. வணங்க மனசும் வந்தது. ஆனா மானம் தடுத்துவிட்டது. கைவசம் இருந்த எல்லாம் போன பிறகும் "நான்" மட்டும் போகவில்லை.

கடைசியில் மாமரமாக நின்றவனை வேல் பிளந்தது. ஒரு பாதி சேவல், ஒரு பாதி மயில். எதிர்த்தவனைக் குப்பையில் எறியவில்லை. கொடியில் ஏற்றினான், வாகனமாக்கி முதுகில் ஏறினான். அவனோடு போர் செய்தவனுக்கே இந்தக் கருணை என்றால், நம்மை எதிர்க்கிற மனுஷனுக்கு அழிவு வேண்டும் என்று அவன் முன்னால் எப்படிக் கேட்பது?

அதனால் அடுத்த செவ்வாயோ சஷ்டியோ கிருத்திகையோ விளக்கேற்றும்போது, நம்மைக் கஷ்டப்படுத்துகிறவர் பெயரையும் ஒருமுறை சொல்லி, "முருகா, என் பக்கம் தப்பிருந்தா என்னைத் திருத்து. அவர் பக்கம் தப்பிருந்தா அவரையும் திருத்து. அதுவரைக்கும் நான் பயப்படாம நிக்க பலம் கொடு" என்று வேண்டிப் பாருங்கள். முதல் தடவை நாக்கு எழாது. பரவாயில்லை, அடுத்த வாரம் திரும்பச் சொல்லுங்கள்.

எதிர்ப்பில் தவிக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு போன் பண்ணி, சாப்பிட்டியா என்று கேளுங்கள். முருகன் அனுப்புகிற வீரவாகு இன்றைக்கு நீங்களாகவும் இருக்கலாம்.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!